இலையின் நற்பெயரும் எண்ணெயின் வீரியமும்: ஆரிகனோ மாத்திரைகள் குறித்து ஒரு மறுப்பு

ஆரிகனோ இலை குறித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை. மத்தியதரைக்கடல் நாடுகளில் அது காலங்காலமாகச் சமையலில் இருக்கிறது. முதல் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடீஸ் தம் மூலிகை நூலில் அதற்கு இடம் தந்திருக்கிறார். ஆனால் இன்று மருந்துக்கடைகளிலும் இணையத்திலும் விற்பது அந்த இலை அன்று; அதிலிருந்து வாலையில் வடித்த எண்ணெய். உலர்ந்த இலையில் நூற்றில் சில பங்கே இருக்கும் எண்ணெயைத் தனியே பிரித்து மாத்திரைக்குள் அடைத்த பிறகும், இலைக்குரிய நற்பெயரை அதற்குச் சூட்டுவது தவறு என்பதே என் வாதம்.

முதற்சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. கிரேக்க ஆரிகனோ துளசிக் குடும்பத்துச் செடி. மெக்சிகோ ஆரிகனோவோ உண்ணிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியைக் கியூபா ஆரிகனோ என்கிறார்கள். இவற்றை ஒரே பெயரில் கட்டிவைப்பது கார்வக்ரால், தைமால் என்னும் இரு பீனால்களின் மணம். இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. ஒரு ஹைட்ராக்சில் தொகுதி நிற்கும் இடம் மட்டும் வேறு. இலையே கலப்படமாவதும் உண்டு. 2015இல் பிரிட்டனில் சோதித்த 78 மாதிரிகளில் 19இல் ஒலிவ இலை போன்ற வேற்றிலைகள் கலந்திருந்தன.

தைமாலை நாம் நன்கறிவோம். ஓமத்தின் காரமணம் அதுதான். அது மருந்தாக இருந்த காலமும் உண்டு. இத்தாலிய மருத்துவர் பொட்சோலோ 1880ஐ ஒட்டிக் கொக்கிப்புழுவுக்கு அதைக் கொடுத்தார். 1909இல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ராக்பெல்லர் குழு தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பிலும் தைமாலே முதன்மை மருந்து. இந்திய ஓமம் ஜெர்மனிக்குப் போய்த் தைமாலாகத் திரும்பிய காலம் அது. 1914இல் போர் மூண்டதும் தட்டுப்பாடு வந்தது. அன்று அதைக் கொடுத்த முறையைக் கவனிக்க வேண்டும். முதல்நாள் பேதியுப்பு, மறுநாள் காலை வெறும் வயிற்றில், பெரியவர்களுக்கு ஏறக்குறைய 4 கிராம் வரை, பகுதி பகுதியாகத் தைமால், பிறகு மீண்டும் பேதி. மதுவும் கொழுப்பும் கூடவே கூடாது. அவற்றில் கரைந்தால் தைமால் குடலில் தங்காமல் இரத்தத்தில் ஏறி நஞ்சாகும். அத்தனை கவனத்துக்கும் மீறி உயிர்கள் போயின. இன்றைய ஆரிகனோ எண்ணெயோ பெரும்பாலும் ஒலிவ எண்ணெயில் கரைத்தே விற்கப்படுகிறது. அளவு மிகச் சிறியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் மருத்துவர்கள் அஞ்சிக் கையாண்ட பொருள்வகை இது என்ற நினைவே விற்பனையில் இல்லை என்பதுதான் என் கவலை.

இனிப் பயன். கண்ணாடிக் குழாயில் கார்வக்ரால் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைக்கிறது, இது உண்மை. அதற்குப் பொதுவாக மில்லிலிட்டருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் தேவை. இரத்தத்தில் அந்த அளவு வருகிறதா? தைமாலை வைத்து 2002இல் வெளியான ஆய்வு விடை தருகிறது. 12 பேருக்கு 1.08 மில்லிகிராம் தைமால் கொண்ட, தைம் என்னும் மூலிகையின் சாறு கொடுத்தார்கள். இரத்தத்தில் தைமால் தைமாலாகவே கிடைக்கவில்லை, சல்பேட்டாக மாறியிருந்தது. அதன் உச்சமும் மில்லிலிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமை எட்டவில்லை. நூறு மடங்கு உட்கொண்டு, இரத்த அளவும் அதே விகிதத்தில் ஏறினாலும் பத்து மைக்ரோகிராமைத் தாண்டாது. ஆகவே சளிக்காய்ச்சலுக்கும் நுரையீரல் தொற்றுக்கும் இது ‘இயற்கை ஆன்டிபயாட்டிக்’ என்ற விளம்பரம் நிற்காது.

குடலுக்குள் நிலைமை வேறு. அங்கே எண்ணெய் நேரடியாகப் படுகிறது. 2000இல் வெளியான ஆய்வொன்றில், குடல் ஒட்டுண்ணி உள்ள 14 பேர் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் ஆரிகனோ எண்ணெய் வீதம் ஆறு வாரம் உட்கொண்டனர். எட்டுப் பேரிடம் பிளாஸ்டோசிஸ்டிஸ் என்னும் ஒட்டுண்ணி மறைந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லை. தானாகவே மறையக்கூடிய உயிரியும்கூட. அதனால் இது சான்று ஆகாது. எனினும் முறையாக ஆராயத் தக்க குறிப்பு என்றே கருதுகிறேன்.

சவ்வைச் சிதைக்கும் பொருளுக்கு நம் சவ்வு என்றும் பாக்டீரியாவின் சவ்வு என்றும் வேற்றுமை அதிகமில்லை. செறிந்த எண்ணெய் பட்டால் வாயும் தொண்டையும் எரிவதும் உண்டு. புதினா, துளசி வகைகளில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆரிகனோவும் ஒவ்வாமல் போகலாம்.   அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய துணை உணவுகளைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் பயனை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கிருந்து வரும் புட்டியின் அழகிய வாசகங்களைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இலையைச் சமையலில் தாராளமாகச் சேருங்கள். எண்ணெயை மட்டும் கருவுற்றவர்களும், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தோ சர்க்கரை மருந்தோ உட்கொள்பவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரைக் கேளாமல் தொட வேண்டாம். மருத்துவர்களும் நோயாளியிடம் ‘என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்பதோடு நிறுத்தாமல், ‘மூலிகை மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்றும் கேட்க வேண்டும்.