மூன்றாகப் பிரிந்த ரூபாய்

தேசப் பிரிவினை என்றதும் நிலம் பிரிந்ததையும் மக்கள் இடம்பெயர்ந்ததையும் பேசுகிறோம். ரூபாயும் பிரிந்தது. ஒரு நாணயம் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

பிரிவினைக்குப் பிறகும் சில மாதங்கள் இரு நாடுகளுக்கும் நம் ரிசர்வ் வங்கிதான் மத்திய வங்கி. 1948 ஜூலையில் பாகிஸ்தான் தனி மத்திய வங்கி தொடங்கியது. அப்போதும் இரண்டு ரூபாய்க்கும் ஒரே மதிப்புதான்.

1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தது. பவுண்டோடு பிணைந்திருந்த இந்திய ரூபாயும் கூடவே இறங்கியது. பாகிஸ்தான் குறைக்கவில்லை. அவர்களுடைய 100 ரூபாய்க்கு நம் 144 ரூபாய் என்றாகிவிட்டது.

அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? சணலிலிருந்துதான். உலகச் சணலில் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்தில் விளைந்தது. ஆலைகளோ கல்கத்தாவில், ஹூக்ளிக் கரையில். வாங்குகிறவனுக்கு வேறு கதி இல்லாதபோது விலையை ஏன் குறைக்க வேண்டும் என்பது கராச்சியின் கணக்கு.

இந்தியா அந்த விகிதத்தை ஏற்க மறுத்தது. வியாபாரம் ஏறக்குறைய நின்றே போச்சு. இங்கே ஆலைகள் சணலுக்குத் திண்டாடின. அங்கே விவசாயி விற்க வழியின்றித் தவித்தான். 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டதும் மூலப்பொருள்களின் விலை எகிறியது. 1951 பிப்ரவரியில் இந்தியா இறங்கி வந்து அந்த விகிதத்தை ஒப்புக்கொண்டது.

சரி, கராச்சி ஜெயித்துவிட்டதா? போர்க்காலக் கிராக்கி தணிந்ததும் சணல், பருத்தி விலைகள் சரிந்தன. பாகிஸ்தானின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. இதற்குள் இந்தியாவும் சணல் சாகுபடியைப் பெருக்கிக்கொண்டது. 1955 ஜூலை இறுதியில் பாகிஸ்தானும் மதிப்பைக் குறைக்க, டாலருக்கு 4.76 என்று இரண்டு ரூபாயும் மறுபடி சமமாயின.

மதிப்பை அரசாங்கம் அறிவிக்கலாம். அதைத் தாங்கி நிற்பவை சரக்குக்கு உள்ள தேவையும் கஜானாவில் உள்ள கையிருப்பும்தான். 1966 ஜூனில் 4.76 என்பது 7.50 ஆனபோது நாமும் இதை அனுபவித்தோம்.

நாணயம் உசந்து நின்றால் எல்லாருக்கும் லாபம் என்பதும் சரியல்ல. உயர்ந்த ரூபாயால் பாகிஸ்தானுக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் மலிவாக வந்தன. தொழிற்சாலைகள் பெரும்பாலும் மேற்கில் எழுந்தன. சணல் விற்ற கிழக்கு வங்காளத்தானுக்கோ ஒவ்வொரு டாலருக்கும் கிடைத்த ரூபாய் குறைந்தது. அந்தக் குறை லேசில் ஆறவில்லை. 1966இல் ஷேக் முஜிபுர் ரஹ்மான் வைத்த ஆறு அம்சக் கோரிக்கையில் நாணயமும் ஒன்று: கிழக்குக்குத் தனி நாணயம் வேண்டும், இல்லையேல் கிழக்கின் மூலதனம் மேற்கே போவதைத் தடுக்க வேண்டும். 1972இல் டாக்கா நகரில் 'டாகா' என்ற பெயரில் புது நாணயம் பிறந்தது.