எழுதிய கையும் திறந்த கதவும்

வேதவாசிப்பு: மத்தேயு 25:31-46, யாக்கோபு 2:14-17



இவ்வார தியானத்தில் ஒரு பத்திரிகையின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். அதை நடத்திய அம்மையார் நம் சபைப் பிரிவைச் சேர்ந்தவர் அல்லர். அவர் ஒரு கத்தோலிக்கர். ஆயினும், எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களுமாகிய நம் எல்லாரையும் நோக்கி அவருடைய வாழ்க்கை ஒரு கேள்வியைக் கேட்கிறது. அந்தக் கேள்வியை முதலில் எனக்கே கேட்டுக்கொண்ட பின்னரே இதை எழுதத் துணிந்தேன்.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்க நாடு பெரும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கித் தவித்தது. 1933ஆம் ஆண்டில் உழைக்கும் மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. வாடகை செலுத்த இயலாத குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு வீதியில் நின்றன. நியூயார்க் மாநகரில் ஒரு ரொட்டித் துண்டுக்காக ஆண்கள் நீண்ட வரிசையில் மணிக்கணக்காகக் காத்துக்கிடந்தார்கள். ஆலயங்களின் மணிகளும் அதே வீதிகளில்தான் ஒலித்துக்கொண்டிருந்தன.

அந்நகரில் டோரத்தி டே என்னும் பத்திரிகையாளர் வாழ்ந்தார். 1897இல் பிறந்த அவர், இளமையில் சோஷலிச ஏடுகளில் எழுதி, தொழிலாளர் போராட்டங்களில் பங்கெடுத்தவர். எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை அருகிலுள்ள ஓக்லாந்தில் இருந்து கண்டார். வீடிழந்து வந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தார் தங்களிடம் இருந்ததையெல்லாம் பகிர்ந்தளித்த காட்சி அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. பேரிடர் நாளில் இயல்பாக வரும் அந்த இரக்கம் மற்ற நாட்களில் எங்கே போய்விடுகிறது என்ற ஏக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. 1927இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். கிறிஸ்துவைக் கண்டுகொண்டார், ஆனால் ஏழைகளுக்காகத் தாம் முன்பு உழைத்த உழைப்பைத் தம் விசுவாசத்தோடு எவ்விதம் இணைப்பது என்பது அவருக்கு விளங்கவில்லை.

1932 டிசம்பரில், வேலையற்றோர் நடத்திய பசிப் பேரணியைப் பற்றிச் செய்தி எழுதுவதற்காக அவர் வாஷிங்டன் சென்றார். ஏழைகளுக்காக நடைபெற்ற அந்த அணிவகுப்பைச் சாலையோரத்தில் நின்று பார்த்தபோது, இங்கே தம் சபையார் ஏன் இல்லை என்று அவர் உள்ளம் நொந்தது. டிசம்பர் 8ஆம் நாள் அந்நகரின் பெரிய ஆலயத்தில் கண்ணீரோடு ஜெபித்தார். தமக்குத் தேவன் அளித்த திறமை ஏழைகளுக்குப் பயன்பட ஒரு வழி திறக்க வேண்டும் என்பதே அந்த மன்றாட்டு. நியூயார்க் திரும்பியபோது அவரைத் தேடி ஒருவர் வந்து காத்திருந்தார். கசங்கிய உடையும் கனத்த பிரெஞ்சு உச்சரிப்பும் கொண்ட அந்த மனிதரின் பெயர் பீட்டர் மாரின். பிரான்சு தேசத்து உழவர் குடியில் பிறந்த அவர், ஏழைகளுக்காகத் திருச்சபை பேச வேண்டும். அதற்கு ஒரு பத்திரிகை வேண்டும் என்றார்.

பணம் எங்கிருந்து வரும்? வீட்டுக் கட்டணங்களைத் தள்ளிப்போட்டும், சிறு நன்கொடைகளைச் சேர்த்தும் 57 டாலர் திரட்டினார்கள். தம் சமையலறை மேசையில் அமர்ந்து டோரத்தி கட்டுரைகளை எழுதினார். 1933 மே 1ஆம் நாள், ஆயிரக்கணக்கான தொழிலாளர் கூடியிருந்த யூனியன் சதுக்கத்தில் 'தி கத்தோலிக் வொர்க்கர்' என்னும் ஏட்டின் முதல் இதழ் விற்பனைக்கு வந்தது. அச்சிட்ட படிகள் 2,500. விலை ஒரு சென்ட். எந்த ஏழையும் வாங்கத்தக்க விலை அது. டோரத்தியின் வாழ்நாள் முழுவதும் அது உயர்த்தப்படவில்லை. ஓராண்டுக்குள் ஒரு லட்சம் படிகள் அச்சாகும் அளவுக்கு அந்த ஏடு வளர்ந்தது.

அன்பானவர்களே, இங்கே சற்று நின்று கவனியுங்கள். இந்த வரலாறு இத்துடன் முடிந்திருந்தால், அது வெற்றி பெற்ற ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையின் கதையாக மட்டுமே இருந்திருக்கும்.

பீட்டர் மாரின் அந்த ஏட்டில் ஆதித் திருச்சபையின் விருந்தோம்பலைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியார், வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஊருக்கு வெளியே ஒரு பெரும் இல்லத்தையே எழுப்பினார் என்பதை வேதாகமக் கல்லூரியில் நாங்கள் பாடமாகப் படித்திருக்கிறோம். அத்தகைய இல்லங்கள் ஒவ்வொரு ஊரிலும் மீண்டும் எழ வேண்டும். ஒவ்வொரு கிறிஸ்தவ வீட்டிலும் தங்க இடமற்றவருக்கென ஓர் அறை இருக்க வேண்டும் என்று மாரின் வாதிட்டார். அருமையான கருத்து, அழகான எழுத்து.

குளிர்காலம் நெருங்கியது. வீடற்றவர்கள் பத்திரிகை அலுவலகத்தின் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். விருந்தோம்பலைப் பற்றி எழுதியவர்கள் இப்போது என்ன செய்வார்கள்? 'நாங்கள் எழுதுகிறவர்கள், உதவி செய்ய வேறு அமைப்புகள் உண்டு' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நியாயமான பதில்தான். ஆனால் யாக்கோபு தம் நிருபத்தில் கண்டிப்பது சரியாக இந்தப் பதிலைத்தான். உடையும் உணவும் இல்லாதவரை நல்வார்த்தை சொல்லி வெறுங்கையாய் வழியனுப்பும் விசுவாசம் உயிரற்றது என்கிறார் அவர். டோரத்தியும் அவருடைய தோழர்களும், பத்துப் பெண்கள் தங்கத்தக்க ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். பின்னர் ஆண்களுக்கும் ஓர் இடம் அமைந்தது. 1936க்குள் நாட்டின் பல நகரங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட விருந்தோம்பல் இல்லங்கள் தோன்றியிருந்தன. பத்திரிகை வீட்டைப் பெற்றெடுத்தது. அதன்பின் அந்த வீடே பத்திரிகையைக் காத்தது என்று சொல்வேன். ஏனெனில், வீடற்றோரைப் பற்றி எழுதியவர்கள் அவர்களோடு ஒரே மேசையில் உண்டு, ஒரே கூரையின் கீழ் உறங்கி எழுதினார்கள்.

அந்த வீடுகள் சண்டையும் துர்நாற்றமும் நோயும் குடிப்பழக்கமும் நிறைந்தவையாகவும் இருந்தன. டோரத்தி தம் கட்டுரைகளில் அவற்றை மறைக்கவில்லை. விருந்தினர்கள் எவ்வளவு காலம் தங்கலாம் என்று ஒருவர் கேட்டபோது, அவர்கள் எங்கள் குடும்பத்தார். எங்களோடு வாழ்வார்கள், எங்களோடு மரிப்பார்கள், நாங்களே அவர்களை அடக்கம் செய்வோம் என்னும் பொருள்பட விடையளித்தார். ஒருமுறை யாரோ நன்கொடையாக அளித்த வைர மோதிரத்தை, இல்லத்துக்கு வழக்கமாக வரும் ஒரு முதிய பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அதை விற்று அவளுடைய வாடகையைக் கட்டியிருக்கலாமே என்று உடனிருந்தவர்கள் கேட்டார்கள். விற்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் உரிமை அவளுடையது. வைரங்களைத் தேவன் செல்வந்தருக்காக மட்டுமா படைத்தார் என்பது அவருடைய விடை. ஏழைக்கு உதவி செய்தவர்கள் பலர் உண்டு; ஏழையின் மதிப்பைக் காத்தவர்கள் சிலரே.

இரக்கத்தோடு நீதியையும் அவர்கள் விட்டுவிடவில்லை. கஞ்சி ஊற்றிய அதே கைகள், இந்த வரிசை ஏன் உண்டானது என்றும் எழுதின. இரண்டாம் உலகப் போரின்போது எல்லாப் போரையும் எதிர்த்து எழுதியதால் வாசகர்கள் பெருமளவில் விலகினார்கள். பல இல்லங்கள் மூடப்பட்டன. ஆயினும் அவர்கள் தங்கள் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

1956இல் நியூயார்க் இல்லம் தீப்பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று நீதிமன்றம் 250 டாலர் அபராதம் விதித்தது. அச்செய்தியைப் படித்து, எளிய தோற்றத்தில் வந்த ஒருவர் டோரத்தியின் கையில் ஒரு காசோலையைத் திணித்துச் சென்றார். உதவி நாடி வரும் ஏழைகளுள் ஒருவர் என்றே டோரத்தி அவரை எண்ணினார். பிற்பாடு பார்த்தால் அது முழு 250 டாலருக்கான காசோலை. கொடுத்தவர் புகழ்பெற்ற கவிஞர் டபிள்யூ. எச். ஆடன்! 1960இல் சுரங்க ரயில் பாதைக்காக அவர்களுடைய வீட்டை மாநகரம் எடுத்துக்கொண்டு, தாமதமாக வழங்கிய விலையோடு 3,579 டாலருக்கும் மேற்பட்ட வட்டியையும் சேர்த்து அளித்தது. வட்டி வாங்குவது எங்கள் விசுவாசத்துக்கு ஒவ்வாது என்று டோரத்தி அந்த வட்டித் தொகையைத் திருப்பி அனுப்பினார். 15ஆம் சங்கீதத்தை நாமும் வாசிக்கிறோம். அதை இப்படி வாசித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஃபிரிட்ஸ் ஐகன்பெர்க் என்னும் ஓவியர் 1950 அளவில் அந்த ஏட்டுக்காக ஒரு மரச்செதுக்குப் படம் வரைந்தார். ரொட்டிக்காகக் காத்து நிற்கும் ஏழைகளின் வரிசை. அதன் நடுவே, போர்வை போர்த்தி, தலை கவிழ்ந்து கிறிஸ்து நிற்கிறார். உணவு பரிமாறுகிறவராக அல்ல. தம் முறைக்காகக் காத்திருக்கிறவராக! மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் முழு விளக்கவுரையும் அந்த ஒரு படத்தில் அடங்கியிருக்கிறது. நியாயத்தீர்ப்பு நாளில் இராஜா விசாரிப்பது, இருக்க இடமற்றவராய் வந்த அவரை யார் வீட்டுக்குள் அழைத்தார்கள் என்பதையே.

பிரியமானவர்களே, இப்போது என் மனச்சாட்சியின் பாரத்தை உங்களிடம் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது ஊழியம் செய்த சபையின் ஆலய முன்மண்டபத்தில் ஒரு முதியவர் இரவு நேரங்களில் படுத்துறங்கி வந்தார். மழைக்காலம் அது. இடம் அசுத்தமாகிறது, பெண்கள் அதிகாலை ஜெபத்துக்கு வர அஞ்சுகிறார்கள் என்று சிலர் முறையிட்டார்கள். அவர்கள் கூறியதிலும் நியாயம் இருந்தது. வாயிற்கதவை இரவு எட்டு மணிக்கே பூட்டிவிடுவது என்று குழு முடிவெடுத்தது. தலைமை வகித்த நான் ஒன்றும் பேசவில்லை. அந்த மாதத்துச் சபை இதழில் நல்ல சமாரியனைப் பற்றி நான் எழுதிய கட்டுரை வெளியாயிற்று. நன்றாக இருந்தது என்று பலர் பாராட்டினார்கள். அந்த முதியவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்று நம் கையில் உள்ள ஊடகங்கள் டோரத்தியின் கனவிலும் இல்லாதவை. மாத இதழ், யூடியூப் நேரலை, வாட்ஸ்அப் தியானம் எல்லாம் உண்டு. கம்பளி வழங்கும் நாளில் வாங்குகிறவரின் முகம் தெரியும்படி படம் எடுத்து வெளியிடுகிறோம். அவருடைய பெயரைக் கேட்டோமா? படம் எடுக்கலாமா என்று கேட்டோமா? அடுத்த இரவு அவர் எங்கே படுத்தார்? நம் ஊழியத்துக்கு அவர் சாட்சியாகிறார். அவருக்கு நாம் என்னவாகிறோம்?

ஆகவே உங்களிடம் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். முதலாவது, நீங்கள் நாள்தோறும் கடந்து செல்லும் வழியில் தங்கியிருக்கும் ஒருவருடைய பெயரைக் கேட்டறியுங்கள். இரண்டாவது, நகராட்சியோ மாநகராட்சியோ நடத்தும் வீடற்றோர் காப்பகம் அருகில் எங்கே உள்ளது, அதில் என்ன குறைவு உள்ளது என்று நேரில் சென்று பாருங்கள். மூன்றாவது, நம் ஆலய வளாகத்தின் பூட்டைப் பற்றிக் கூடிப் பேசுவோம். எளிய விடை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இம்முறை நான் மௌனமாக இருக்கமாட்டேன்.

டோரத்தி டே 1980 நவம்பர் 29ஆம் நாள், வீடற்ற பெண்களுக்காகத் தாம் அமைத்த இல்லத்தின் ஓர் அறையிலேயே மரித்தார். அவர் தொடங்கிய ஏடு அவருக்குப் பின்னும் வெளிவந்தது. இல்லங்களின் கதவுகளும் திறந்தே இருந்தன.

ஜெபம்: தலைசாய்க்க இடமின்றி இவ்வுலகில் நடந்த எங்கள் ஆண்டவரே, உம்மைப் பற்றி நிறையப் பேசி, வாசலில் நின்ற உம்மைக் காணாமற்போன எங்களை மன்னியும். எங்கள் சொல்லுக்கேற்ற செயலையும், எங்கள் கைகளுக்கு உம்முடைய மென்மையையும் தாரும். எங்கள் கதவுகளைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.