புற்றுநோய்ச் சிகிச்சையும் உடனிருந்து பேணுதலும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தைத் திருவள்ளுவர் நான்கு உறுப்புக்களாக வகுத்தார். 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு, அருகிருந்து பேணுவோனையும் ஓர் உறுப்பாக எண்ணினார். முதல் மூன்றும் வளர்ந்த வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். நான்காவதன் வரலாறு அத்துணை எழுதப்படவில்லை. புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை பெறுவோரை முன்னிறுத்தி, யாழ்ப்பாணத்தார் நோக்கில் அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1895இல் றொன்ற்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். 1898இல் கியூரி தம்பதியர் இரேடியத்தைக் கண்டனர். சின்னாட்களிலேயே இக்கதிர்கள் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்படலாயின. தமிழகத்தில், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது. அங்கு 1957இல் கோபாற்றுக் கதிர்க்கருவி இயங்கத் தொடங்கியது. இலங்கையில் கொழும்பை அடுத்த மகரகமையிற் புற்றுநோய் வைத்தியசாலை தோன்றியதும் 1950களிலேயாம்.

யாழ்ப்பாணம் மேலை மருத்துவத்திற் பின்தங்கிய நாடன்று. 1847இல் வந்த டாக்டர் கிறீன் மானிப்பாயில் நம்மவர்க்கு மருத்துவம் பயிற்றியதோடு, மருத்துவ நூல்களைத் தமிழிலும் ஆக்குவித்தார். எனினும், கதிர்ச்சிகிச்சை வேண்டிய யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து மகரகமைக்கே செல்லவேண்டியிருந்தது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் யாழ்ப்பாணத்திற்கு வருதல் நின்றது; 2014இலேதான் மீண்டும் வந்தது. 2006 ஆகத்து மாதத்தில் ஏ9 வீதி மூடப்பட்டபின் கடலும் வானுமே வழிகளாயின.

அக்காலத்தில், 2007ஆம் ஆண்டில், என் பெரிய தாயார் காங்கேசன்துறையிற் கப்பலேறித் திருகோணமலை வழியாக மகரகமை சென்றார். கதிர்ச்சிகிச்சை வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரங்கள் தொடர்வது. ஒருநாட் சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிடும். எஞ்சிய பொழுதெல்லாம் பாஷை அறியாத ஊரில், வாடகை அறையொன்றில், வாய்ப்புண்ணோடு கழிந்தன. திரும்பி வந்தபின் அவர் நோவைப்பற்றி அதிகம் பேசவில்லை. "கதைக்க ஒருத்தரும் இல்லை" என்பதையே பலமுறை கூறினார். மருத்துவர் தம் கடமையிற் குறைவைக்கவில்லை. வள்ளுவர் கூறிய நான்காவது உறுப்பே அங்கு இல்லாதிருந்தது.

இந்நிலையை மாற்றிய நிகழ்ச்சியொன்று 2011 யூலை மாதத்தில் நிகழ்ந்தது. தென்கோடியாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களிற் பல இனத்தாரும் நடந்து, தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி திரட்டினர். போர் ஓய்ந்து ஈராண்டே கழிந்திருந்த வேளையில், தெற்கில் வாழ்வோர் வடக்கின் நோயாளர்க்காக நடந்தமை நம் வரலாற்றிற் குறிக்கத்தக்கது. இன்று கதிர்ச்சிகிச்சை தெல்லிப்பழையிலேயே கிடைக்கின்றது. தூரம் குறைந்தது, தனிமை குறைந்ததா என்பதே இனி எழும் வினா.

நோவு தணிக்கும் பராமரிப்பின் வரலாறு இங்கு நமக்கு உதவும். 1967இல் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் இலண்டனிற் சென் கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவினார். நோயாளியின் நோவு உடலை மட்டும் பற்றியதன்று; மனம், குடும்பம், ஆன்மா ஆகிய அனைத்தையும் தழுவியது என்பது அவர் கொள்கை. 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோவைப் படிப்படியாகத் தணிக்கும் மருந்துமுறையை வகுத்தது. 1993இற் கேரளத்துக் கோழிக்கோட்டிலே தோன்றிய இயக்கம், அயலவரையே தொண்டர்களாக்கி இப்பராமரிப்பை வீட்டு வாயிலுக்குக் கொண்டுசென்றது. 2014இல் உலக சுகாதார மகாசபை இதனை எல்லா நாடுகளின் கடமையாக வற்புறுத்தியது.

எனினும், நம் மக்களிடையே மயக்கங்கள் சில உள. இப்பராமரிப்பு இறுதி நாட்களுக்கே உரியது என்பது ஒன்று. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே இதுவும் தொடங்கவேண்டும். எலும்பிற் பரவிய நோவைத் தணிக்க ஒரேமுறை அளிக்கும் கதிரே போதுமாவதும் உண்டு; ஆதலால் கதிர்ச்சிகிச்சையே இப்பராமரிப்பின் ஒரு பகுதியாகவும் அமைகின்றது. புறத்திலிருந்து கதிர் பெற்றவரை அணுகினால் நமக்கும் தீங்கு நேரும் என்பது மற்றொன்று. அக்கதிர் உடம்பில் தங்குவதில்லை; பேரப்பிள்ளை தாராளமாக மடியில் அமரலாம். நோயின் பெயரை நோயாளிக்கு மறைத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. வீட்டார் அனைவரும் அறிந்ததைத் தாம் மட்டும் அறியாதவர்போல் இருக்குமாறு நோயாளியைப் பணிப்பது அவரைத் தனிமைச் சிறையில் இடுவதாகும்.

நிற்க, பேணுதல் நமக்குப் புதியதன்று. பஞ்சகாலத்தில் ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். தெல்லிப்பழையிலேயே சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) துர்க்கை அம்மன் கோயிலைச் சார்ந்து ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். அவரும் ஓர் ஆசிரியரே. அம்மரபு நோயாளியின் படுக்கையருகிலும் தொடரவேண்டும்.

மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்பேன். புகையிலை நம் தோட்டங்களுக்குச் செல்வம் தந்த பயிர். வெற்றிலை பாக்கோடு அதனை மெல்லும் வழக்கமே நம் முதியோர் பலர்க்கு வாய்ப்புற்றைத் தந்தது. அவ்வழக்கத்தைத் தவிர்த்தல் உங்கள் முதற் கடமை. மருத்துவராவோர் உங்களிற் சிலரே. ஆயின், அயல் வீட்டிற் கதிர்ச்சிகிச்சை பெற்று வந்திருப்பவரிடம் மாலையிற் சென்று, காரமில்லாத கஞ்சியொன்றைக் கொடுத்து, அரைமணி நேரம் அவர் சொல்வதைக் கேட்டல் எல்லோர்க்கும் இயலும். நான்காவது உறுப்பாக நிற்பதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.