மடையும் மின்சாரமும்

நாஞ்சில் நாட்டு உழவன் மடையில் நீர் வீணே கசிவதைக் கண்டு வாளா இரான். 1906-ஆம் ஆண்டில் பேச்சிப்பாறை அணை எழுந்த பின்னரும், ஒரு துளி நீரின் அருமையை அவன் மறந்தானல்லன்.

பின்னாளில் அந்நீரே மின்சாரமும் ஆயிற்று. இப்பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1940-இல், பள்ளிவாசல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1956-இல் தமிழகத்தோடு இணைந்த பிறகு, 1970-இலும் 1971-இலும் கோதையாற்றில் இரு மின்நிலையங்கள் தோன்றின. அவற்றின் மொத்த ஆற்றல் 100 மெகாவாட்.

அக்காலத்து வால்வு வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி நிறுத்தினால், மின்னோட்டம் அறவே நின்றது. ரிமோட் வந்தபின் நிலைமை மாறிற்று. அதன் கட்டளையை எதிர்நோக்கும் தொலைக்காட்சி, அணைந்ததுபோல் தோன்றினும் மின்சாரத்தைச் சிறிது சிறிதாக உண்டுகொண்டே இருக்கிறது. இத்தகைய கருவி 1 வாட்டுக்கு மேல் கொள்ளலாகாது என அமெரிக்க அறிஞர் ஆலன் மையர் வற்புறுத்தினார். 1999-இல் அனைத்துலக எரிசக்தி முகமை அக்கருத்தை ஏற்றது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 1 அல்லது 2 வாட் என்னும் வரம்பு நடைமுறைக்கு வந்தது.

இது அற்பமன்றோ எனலாம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் உண்டு. ஒரு வீட்டில் 10 வாட் இவ்வாறு ஓயாது கசிந்தால், ஓராண்டில் ஏறத்தாழ 88 யூனிட் வீணாகும்.

மாணவ நண்பர்களே! ரிமோட்டால் நிறுத்துவது மடையைப் பாதி சாத்துவதே. ஓயாது இயங்கவேண்டிய குளிர்பதனப் பெட்டி போன்றவை நீங்கலாக, மற்றவற்றைச் சுவரிலுள்ள சுவிட்சிலேயே அணையுங்கள். நம் முன்னோர் வயலில் காத்த சிக்கனத்தை நாம் வீட்டில் காப்போமாக.