புதுவையும் மூணு லென்ஸ் கணக்கும்

கிட் லென்ஸ் அலுத்துப் போன பதிவர் நண்பர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒண்ணுதான்: "கையில கொஞ்சம்தான் காசு இருக்கு, ப்ரைம் லென்ஸ் ரெண்டு மூணு வாங்கணும், எதை வாங்க?" பதிலும் மந்திரம் மாதிரி வந்து விழும்: 35, 50, 85. ஏன் 40, 60, 110 இல்லைன்னு யாரும் கேக்கிறதில்ல. அதைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். நடுவுல நம்ம புதுச்சேரியும் வந்து சேர்ந்துகிச்சு.

(ப்ரைம்னா ஜூம் ஆகாத, ஒரே குவியத் தூரம் உள்ள லென்ஸ். கிட்டத்துல பார்க்கணும்னா நாமதான் நடக்கணும். தெரிஞ்சவங்க மன்னிச்சுக்கோங்க.)

1950 ஏப்ரல். புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில். இந்தியாவிடம் நடைமுறையில் வந்தது 1954 நவம்பர் 1, சட்டப்படி வந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்த ஏப்ரலில் ஆன்ரி கார்த்தியே-ப்ரெசோன் இங்கே வந்து இறங்கினார். மேக்னம் நிறுவனத்தை 1947-ல் தொடங்கியவர்களில் ஒருவர். 1948 ஜனவரி 30 அன்று, சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னால் காந்தியைச் சந்தித்தவர். 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். அங்கிருந்து பத்து நாளில் ஏப்ரல் 24, ஆசிரமத்தின் தரிசன நாள்.

வருஷத்துக்கு நாலு தடவைதான் ஸ்ரீ அரவிந்தர் தரிசனம் தருவார். அன்னையும் அவரும் உட்கார்ந்திருக்க, அன்பர்கள் வரிசையா வந்து வணங்கிட்டுப் போவாங்க. ஏறக்குறைய முப்பது வருஷமா அவரைப் படமெடுக்க யாருக்கும் அனுமதி கிடையாது. ப்ரெசோனுக்கு அன்னை அனுமதி கொடுத்தார். தரிசனத்தை எடுத்தார், பிறகு அறையில் நாற்காலியில் அமர்ந்திருந்த அரவிந்தரையும் எடுத்தார். அறைக்குள்ள இருந்தது பத்து நிமிஷம் போல. அந்த டிசம்பர் 5-ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். அவர் உயிரோடிருந்தபோது எடுத்த கடைசிப் படங்கள் இவைதான். ரீடேக் கிடையாது சாமி!

இப்போ லென்ஸுக்கு வருவோம். இந்த மனுஷன் ஃப்ளாஷ் பிடிக்காதவர். 35 மி.மீ. ட்ரை-எக்ஸ் பிலிம் வந்ததே 1954-ல், அதாவது அறைக்குள்ள எடுக்க வசதியான வேகமான பிலிம் அன்னைக்கு அவர் கையில் இல்லை. நாம டிஜிட்டல்ல ஐஎஸ்ஓ 3200-ன்னு திருகிட்டு நிம்மதியா இருக்கோம். அவருக்குக் கிடைச்சது ஜன்னல் வெளிச்சம், அகலமாத் திறக்கும் லென்ஸ், நடுங்காத கை. ஆயுள் முழுக்க அவர் பெரும்பாலும் எடுத்தது 50 மி.மீ. லென்ஸில்தான். 35-ம் 90-ம் எப்பவாவது. உலகத்தையே கேமராவோட சுத்தினவருக்கு ஒண்ணு போதும்னு இருந்திருக்கு, நமக்கு மூணு வேணும்னு தோணுது :-)

சரி, அந்த 35-50-90 கணக்கு எங்கேர்ந்து வந்துச்சு? 1925-ல் விற்பனைக்கு வந்த லைக்காவில் லென்ஸைக் கழற்றவே முடியாது. ஒரே ஒரு 50. அதுகூட ஏன் 50-ன்னு பாருங்க: 24x36 மி.மீ. சட்டத்தின் மூலைவிட்டம் 43 மி.மீ. சொச்சம். கணக்குப்படி அதுதான் 'இயல்பான' லென்ஸ், 50 அதுக்குப் பக்கத்துல நிக்குது, அவ்வளவுதான். கழற்றி மாட்டும் லைக்கா 1930-ல் வந்தது. 1954-ல் எம்3 வந்தப்போ வ்யூஃபைண்டருக்குள்ளேயே சட்டக் கோடுகள் வந்துச்சு: 50, 90, 135. அதுல 35-க்கு இடமில்லை, உருவம் அவ்வளவு பெருசாத் தெரியும்.

1958-ல் அதைவிட விலை குறைச்ச எம்2 வந்தது. வ்யூஃபைண்டரில் உருவத்தைச் சின்னதாக்கி 35, 50, 90-க்குக் கோடு போட்டுக் கொடுத்தாங்க. தெருவில் படம் எடுக்கிறவங்க, பத்திரிகைக்காரங்க எல்லாம் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆக, நாம இன்னைக்கு வேதமா ஒப்பிக்கிற மூணு லென்ஸ் கணக்கைப் பழக்கப்படுத்தினதுல பெரும்பங்கு ஒரு சிக்கன கேமராவோட கண்ணாடி ஓட்டைக்கு உண்டு. இது தெரிஞ்சப்புறம் எனக்கு 35-50-85 மேல இருந்த பயபக்தி பாதி போயிடுச்சு.

(நம்ம ஊர்ல கதை வேற. பரோடாவில் தயாரான ஆக்ஃபா க்ளிக் 3, ரோலுக்குப் பன்னிரண்டு படம், மாத்த முடியாத ஒரே லென்ஸ். நம்ம அப்பாக்கள் எல்லாருமே ப்ரைம்காரங்கதான், அவங்களுக்குத் தெரியாது.)

இன்னொரு கணக்கும் 1950-லேயே இருக்கு. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவுல ஒரு கண்ணாடி ஏறி இறங்கும். குவியத் தூரம் குறைஞ்சா லென்ஸ் பின்னாடி வந்து கண்ணாடியில் இடிக்கும். பிரான்சில் பியேர் ஆன்ஜெனியூ அந்த வருஷம்தான் 35 மி.மீ. எஃப்/2.5 'ரெட்ரோஃபோகஸ்' லென்ஸைக் கொண்டு வந்து அதைத் தீர்த்தார். தீர்வுக்கு விலையும் உண்டு, கூடுதல் கண்ணாடித் துண்டுகள். 50-க்கு இந்தத் தொல்லையே இல்லை, 1896-ல் வந்த ப்ளானார் வழி வடிவம் அப்படியே உட்கார்ந்துடும். டிஎஸ்எல்ஆர் காலத்துல 50 எஃப்/1.8 அடிமாட்டு விலைக்குக் கிடைச்சதும், அகலக் கோண எஃப்/1.8 கேட்டால் பர்ஸ் கிழிஞ்சதும் இதனாலதான். கேனானின் ப்ளாஸ்டிக் 50 (1990) வெறும் 130 கிராம். 2015-ல் வந்த எஸ்டிஎம்மில் மவுன்ட் உலோகம்.

ஆனா மலிவா இருக்குன்னு எல்லாரும் 50-ஐ வாங்கினோம் பாருங்க, அங்கதான் இடிச்சுது. நம்ம கேமராவில் இருந்தது சின்ன சென்சார். 50 அதுல 75 அல்லது 80 ஆயிடும். ப்ரெசோன் பார்த்த அகலம் வேணும்னா 35 மாட்டணும். எம்2 கணக்கைச் சின்ன சென்சாருக்கு மாத்தினா ஏறக்குறைய 24, 35, 50-ன்னு வரும்.

புதுச்சேரியையே எடுத்துக்கோங்க. வைசியாள் வீதியின் தாழ்வாரம், திண்ணை, தூண் (2008-ல் யுனெஸ்கோ பாரம்பரிய விருது வாங்கின வீதி) முழுசா வரணும்னா பின்னாடி நகர இடமில்லை, 24 வேணும். குபேர் அங்காடி மீன் பகுதி அரையிருட்டுக்கு 35 எஃப்/1.8. கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கிற முகங்களுக்கு 50. ஆனா மூணையும் தூக்கிட்டுப் போனீங்கன்னா மாத்திக்கிட்டே இருப்பீங்க, மீன்காரம்மா கூடையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. என் ஓட்டு ரெண்டுக்குத்தான். உங்க கிட் லென்ஸில் எடுத்த கடைசி ஐந்நூறு படங்களின் குவியத் தூரத்தைப் பாருங்க. எது அதிகமா வருதோ அதுக்குப் பக்கத்துல ஒண்ணு வாங்குங்க. ஆறு மாசம் அதோட மட்டும் சுத்துங்க. அடுத்தது தானே தெரியும்.

நிக்கான்காரங்களுக்கு டிஎக்ஸ் 35 எஃப்/1.8 (2009), கேனான்காரங்களுக்கு 24 எஃப்/2.8 எஸ்டிஎம் (2014), ரெண்டும் பழசா வாங்கலாம். நிக்கானின் பழைய 'டி' லென்ஸ் மலிவாக் கிடைக்கும், ஆனா டி40, டி3000, டி5000 வகையறாவிலும், எஃப்டிஇசட் அடாப்டர் வழியா இசட் கேமராவிலும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கேனான் இஎஃப் லென்ஸ் அடாப்டரோட ஆர்எஃப் கேமராவில் ஒழுங்கா ஓடும்.

கடைசியா ஒண்ணு, கடலோர ஊர்க்காரங்களுக்கு. பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கமிருந்து மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ளே சிலந்தி நூல் மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கினதைத் தோல் உறையில் பூட்டி வைக்காதீங்க, ஈரத்தை அது பிடிச்சு வெச்சுக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், நீலம் போய் ரோஸ் ஆச்சுன்னா சூடு காட்டி மறுபடி போடுங்க.