பல்மைராவைக் கீறிய இரண்டு கிழமைகள்



மேற்கு இலண்டனில் உள்ள ஒஸ்டர்லி பூங்காவுக்குப் பிள்ளைகளுடன் போய்வந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அடுத்தமுறை அங்குள்ள மாளிகையின் வரவேற்பறைக்குள் நின்று ஒருதரம் அண்ணாந்து பாருங்கள். கூரையின் நடுவே விரிந்திருக்கும் பெரிய பூவின் மூல வடிவம் சிரியாவின் பாலைவன நகரமான பல்மைராவில் இருந்தது. மாளிகையைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் ரொபேர்ட் அடம் சிரியாவுக்குப் போனவரல்லர். ஒரு புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்தே அதைச் செய்வித்தார்.

அந்தப் புத்தகத்தின் கதை 1751 மார்ச்சில் தொடங்குகிறது. ரொபேர்ட் வூட், ஜேம்ஸ் டோக்கின்ஸ் என்ற இருவரும் பொர்ரா என்ற இத்தாலியக் கலைஞருடன் பல்மைராவுக்குப் போனார்கள். டோக்கின்ஸ் குடும்பத்துக்கு ஜமெய்க்காவில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அடிமைகளின் உழைப்பில் சேர்ந்த பணம் அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே தங்கியது ஏறக்குறைய இரண்டு கிழமைகள்தான். அதற்குள் தூண், கதவுநிலை, கூரை என்று ஒவ்வொன்றையும் அளந்து அளந்து கீறினார்கள். ஊர் திரும்பியபின் திருத்தமாக வரைந்து, செப்புத் தகட்டில் செதுக்குவித்து, 1753இல் 57 படங்களுடன் இலண்டனில் வெளியிட்டார்கள்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடதாசியில் ஊர் வளவைக் கீறும்போது கிணறு, வேலி, அடுப்படி என்றுதான் தொடங்குவார்கள். பொர்ராவின் கண்ணுக்கு அவை முக்கியமாகப் படவில்லை. அப்போது பேல் கோயிலின் முற்றத்துக்குள் ஒரு கிராமமே மண்வீடுகளில் வாழ்ந்துகொண்டிருந்தது. வூட் அவற்றை எழுத்தில் குறிப்பிட்டார். அளவெடுத்ததோ கல்லுக்கு மட்டும்தான்.

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிரியா பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, அகழ்வாராய்ச்சிக்காக அந்தக் கிராமத்தை எழுப்பிப் பக்கத்தில் புதிய ஊரை அமைத்தார்கள். கோயில் துப்புரவானது, பயணிகள் வந்தார்கள்.

2015 மே மாதம் ஐ.எஸ். அமைப்பு அந்த ஊரைப் பிடித்தது. பல்மைராவின் தொல்பொருட்களை 40 ஆண்டுகள் பராமரித்த காலித் அல்-அசாத் என்ற முதியவரை ஓகஸ்ட்டில் கொன்றார்கள். அதே மாதம், கி.பி. 32இல் அர்ப்பணிக்கப்பட்ட பேல் கோயிலையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கருவறைக் கட்டடத்தின் உயர்ந்த வாசல் மட்டும் விழாமல் நின்றது. ஒஸ்டர்லிக் கூரைக்கு மூலமான கல்லும் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தது.

கோயிலைப் பற்றி ஆராய்பவர்களுக்கு பொர்ராவின் அளவுகள் இன்று கைகொடுக்கின்றன. 2015இல் புதிய ஊரையும் விட்டு ஓடிய சனங்களின் பழைய மண்வீடுகளுக்கு அப்படி அளந்து கீறிய படம் அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.