யூத எதிர்ப்பு வன்முறை நினைவுகூரல் (இந்தியா)

யூதர் என்ற ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்டவர்களையும் விரட்டப்பட்டவர்களையும் பெயர் சொல்லி நினைப்பதும், எஞ்சிய யூதச் சமூகங்களுக்குத் துணை நிற்பதும் இத்தலைப்பில் அடங்கும். நாஜிகள் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களைக் கொன்றனர். அவுஷ்விட்ஸ் முகாம் 1945இல் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27ஆம் நாளை, ஐக்கிய நாடுகள் பொது அவை 2005இல் உலக நினைவு நாளாக அறிவித்தது. இந்தியாவில் யூதர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் அமைதியாகவே வாழ்ந்தனர். ஆயினும் இங்கும் பலியானோர் உண்டு.

தொடக்க வரலாறு

ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு 72 உரிமைகளை வழங்கினான். அவ்வுரிமைகளை வட்டெழுத்தில் பொறித்த செப்பேடு இன்றும் உள்ளது. 1524இல் கொடுங்கல்லூர் யூதர்கள் தாக்கப்பட்டனர். மிளகு வணிகப் போட்டி இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. உயிர் தப்பியவர்களுக்குக் கொச்சி மன்னர் புகலிடம் தந்தார். மட்டாஞ்சேரியில் அரண்மனைக்கு அருகிலேயே 1568இல் பரதேசி யூதர்களின் (வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்களின்) தொழுகைக்கூடம் எழுந்தது. 1662இல் போர்ச்சுகீசியர் அதைச் சேதப்படுத்தினர். மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின் அது சீரமைக்கப்பட்டது.

கோவா மத விசாரணை

போர்ச்சுகலில் 1497இல் யூதர்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். ‘புதுக் கிறித்தவர்’ எனப்பட்ட அவர்களில் பலர் கண்காணிப்புக்கு அஞ்சிக் கடல் கடந்து இந்தியா வந்தனர். அச்சம் இங்கும் அவர்களை விடவில்லை. புதுக் கிறித்தவரான மருத்துவர் ஜெரோனிமோ டயஸ் 1543இல் கோவாவில் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். 1560இல் அங்கு போர்ச்சுகீசியரின் மத விசாரணை மன்றம் முறையாக நிறுவப்பட்டது. தொடக்கத்தில் யூத மரபினரையும், பின்னர் பெரும்பாலும் இந்து மரபிலிருந்து மதம் மாறியவர்களையும் அது வதைத்தது.

யூத மரபில் வந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் குடும்பம் இக்கொடுமையின் முழு உருவையும் காட்டுகிறது. 1534இல் இந்தியா வந்த அவர் அகமதுநகர் நிஜாம் ஷாவுக்கும் மருத்துவம் பார்த்தார். இந்திய மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் உரையாடல் வடிவில் விவரிக்கும் அவரது நூல் 1563இல் கோவாவில் அச்சானது. ஐரோப்பா இந்திய மருந்துகளை அறிந்துகொண்டதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அவர் 1568இல் இறந்தார். அடுத்த ஆண்டே அவருடைய சகோதரி கத்தரீனா, மறைவில் யூத நெறியைப் பின்பற்றினார் என்ற குற்றச்சாட்டில் உயிரோடு எரிக்கப்பட்டார். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தனர்.

பனாஜியில் ஒரு பூங்கா ஓர்த்தாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கத்தரீனாவோ பெரும்பாலும் அண்ணனின் வரலாற்றில் ஒரு வரியாகவே வருகிறார். 1812இல் மன்றம் ஒழிக்கப்பட்டபின் அதன் ஆவணங்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. அதனால் எத்தனையோ பலியானோரின் வரலாறு நமக்குக் கிட்டாமலே போயிற்று.

சோழமண்டலக் கரை

போர்ச்சுகலில் நடந்த துன்புறுத்தலுக்குத் தப்பி லண்டன், ஆம்ஸ்டர்டாம் நகரங்களில் குடியேறிய போர்ச்சுகீசிய யூதர்களின் வழிவந்த வணிகர்கள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைக்கு வந்தனர். பவழத்தைக் கொண்டுவந்து விற்றுக் கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்றனர். அவர்களில் முதன்மையானவர் ஜாக் த பைவா. 1687இல் சென்னையிலேயே இறந்தார். 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியில் யூத வணிகர்களும் ஆல்டர்மேன்களாக (மன்ற உறுப்பினர்களாக) இடம்பெற்றனர். போர்ச்சுகலில் யூதர்களாக வாழவே விடப்படாத ஒரு மக்களுக்கு இங்கே நகராட்சியில் இருக்கை கிடைத்தது. பின்னாளில் அவர்களின் கல்லறைக் கற்கள் பெத்தநாயக்கன்பேட்டைப் பகுதியிலிருந்து லாயிட்ஸ் சாலைக்கு இடம்பெயர்ந்தன.

அகதிகள்

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஐரோப்பிய யூதர்கள் சிலர் இந்தியாவில் அடைக்கலம் தேடினர். பம்பாய் யூதர்கள் 1934இல் நிவாரணச் சங்கம் அமைத்து, வந்தவர்களுக்குப் பொறுப்பேற்றனர். அகில இந்திய வானொலியின் அடையாள இசையை அமைத்த வால்டர் காப்மன் அப்படி வந்தவரே.

நாரிமன் இல்லம்

2008 நவம்பர் 26 அன்று தொடங்கிய மும்பைத் தாக்குதலில் கொலாபாவிலுள்ள, சபாத் என்ற யூத சமய இயக்கத்தின் மையமான நாரிமன் இல்லத்தைப் பயங்கரவாதிகள் தேர்ந்தெடுத்துத் தாக்கினர். ரபி கேவ்ரியல் ஹோல்ட்ஸ்பெர்க், கருவுற்றிருந்த மனைவி ரிவ்கா உட்பட ஆறு பிணையாளிகள் கொல்லப்பட்டனர். அவர்களின் இரண்டு வயது மகன் மோஷேயைப் பணிப்பெண் சாண்ட்ரா சாமுவேல் தூக்கிக்கொண்டு வெளியேறிக் காப்பாற்றினார். மீட்புப் பணியில் தேசியப் பாதுகாப்புப் படை வீரர் கஜேந்தர் சிங் பிஷ்ட் உயிர் நீத்தார். மையம் 2014இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2018இல் மோஷே அங்கு வந்தார்.

இன்றைய நிலை

இந்தியாவில் இன்று சில ஆயிரம் யூதர்களே உள்ளனர்; பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். மகாராஷ்டிரம் 2016இல் அவர்களுக்குச் சிறுபான்மைத் தகுதி வழங்கியது. கேரள அரசு பறவூர், சேந்தமங்கலம் தொழுகைக்கூடங்களைப் புதுப்பித்தது. கொல்கத்தாவின் தொழுகைக்கூடங்களைத் தலைமுறைகளாகப் பேணி வருபவர்கள் முஸ்லிம்கள்.